பிரேக்பாயிண்டில் நிற்காத ஜாவாஸ்கிரிப்ட்: காரணத்தைக் கண்டறியும் முறை

ஓடும் நிரலை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க வைக்கும் குறியே பிரேக்பாயிண்ட். அதைச் சந்தேகப்படும் வரியில் வைத்த பிறகும் ஜாவாஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடிவிட்டால், பலர் உடனே நிரலைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு, எடிட்டரில் நாம் பார்க்கும் கோப்பும் உலாவி இயக்கும் கோப்பும் ஒன்றுதானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கே சொல்லப்படும் பெயர்கள் குரோம் உலாவிக்கு உரியவை. எட்ஜிலும் ஏறக்குறைய இவையே இருக்கும்.

சிக்கலுக்குரிய ஃபங்ஷனின் தொடக்கத்தில், வேறெங்கும் வராத ஒரு சொல்லைக் கன்சோலில் அச்சிடும் வரியையும், அதற்கு அடுத்து, நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தும் டிபக்கர் கட்டளையையும் சேருங்கள். பிறகு எஃப்12 விசையால், உலாவியிலேயே உள்ள பிழை தேடும் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து, அது திறந்திருக்கும்போதே பக்கத்தை மறுபடி ஏற்றி, அந்த ஃபங்ஷன் ஓட வேண்டிய செயலைச் செய்து பாருங்கள். டெவ்டூல்ஸ் மூடியிருந்தால் டிபக்கர் கட்டளையால் எந்தப் பயனும் இல்லை.

சொல் அச்சாகியும் நிரல் நிற்கவில்லை என்றால், பிரேக்பாயிண்டுகள் அனைத்தும் மொத்தமாக முடக்கப்பட்டிருக்கலாம். கன்ட்ரோல், எஃப்8 இரண்டையும் சேர்த்து அழுத்தினாலே அவை முடங்கிவிடும் என்பதால், இது பெரும்பாலும் கை தவறி நடப்பதுதான். அந்தக் கோப்பு, நிறுத்தாமல் தாண்டிச் செல்ல வேண்டிய கோப்புகளின் பட்டியலான இக்னோர் லிஸ்ட்டில் சேர்ந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். நிரலின் அளவைக் குறைக்கும் டெர்சர் கருவியால் சுருக்கப்பட்ட கோப்பாக இருந்தால், அந்தக் கருவி டிபக்கர் கட்டளைகளை இயல்பாகவே நீக்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

சொல்லே அச்சாகவில்லை என்றால், உலாவியிடம் இருப்பது பழைய கோப்பாக இருக்கலாம், அல்லது அந்த ஃபங்ஷன் அழைக்கப்படாமலே இருக்கலாம். இவற்றுள் எது என்பதை அறிய, டெவ்டூல்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஏற்றப்பட்ட கோப்புகள் அனைத்திலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். சொல் கிடைத்தால், ஃபங்ஷனை அழைக்கும் இடத்தை ஆராய வேண்டும். கிடைக்காவிட்டால், தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் துண்டுக் கோப்பு இன்னும் வந்துசேரவில்லை, அல்லது பழைய பிரதியே ஓடுகிறது என்று கொள்ளலாம்.

பழைய பிரதி என்றால், முதலில் நெட்வொர்க் தாவலில், உலாவி முன்பு சேமித்த பிரதிகளைப் பயன்படுத்தாமல் தடுக்கும் டிஸேபிள் கேஷ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுவும் டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் செயல்படும். அதற்குப் பிறகும் பழைய கோப்பே வந்தால், பக்கத்துக்கும் சர்வருக்கும் இடையே பின்னணியில் இயங்கும் ஸ்கிரிப்டான சர்வீஸ் வொர்க்கரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது தனக்கென வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுப்பதால், மேற்சொன்ன தேர்வு அதைக் கட்டுப்படுத்தாது. மேலும், புதிய சர்வீஸ் வொர்க்கர் நிறுவப்பட்டாலும், பழையதைப் பயன்படுத்தும் தாவல்கள் எல்லாம் மூடப்படும் வரை அது இயல்பாகக் காத்தே இருக்கும். பக்கத்தை எத்தனை முறை மறுபடி ஏற்றினாலும் மாற்றம் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். ஆகவே, அப்ளிகேஷன் தாவலில் சர்வீஸ் வொர்க்கர்ஸ் பகுதிக்குச் சென்று, பிழை தேடி முடியும் வரை பைபாஸ் ஃபார் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

கோப்பு புதியதாக இருந்தும் பிரேக்பாயிண்ட் வேறு வரிக்குத் தாவினால், சோர்ஸ் மேப்பைப் பாருங்கள். சுருக்கப்பட்ட கோப்பின் எந்த இடம் மூல நிரலின் எந்த வரிக்கு உரியது என்பதைச் சொல்வது அந்த மேப்தான். அது வேறொரு பில்டுக்கு (மூல நிரலைத் தொகுத்து உருவாக்கிய வேறொரு வெளியீட்டுக்கு) உரியதாக இருந்தால், உலாவி தவறான வரியை நம்பிக்கையோடு காட்டும். மேப் இல்லாமலே இருப்பதைவிட இது மோசமானது என்பேன், ஏனெனில் நம் சந்தேகம் அந்தப் பக்கம் போகவே போகாது. பில்டை உருவாக்கித் தரும் வீட் (Vite) கருவி, வெளியீட்டு பில்டில் சோர்ஸ் மேப்பை இயல்பாக உருவாக்குவதில்லை. அதன் அமைப்பில் நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். மேப் கோப்பு தனியாகக் கைவசம் இருந்தால், சோர்சஸ் தாவலில் சுருக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கி, அதன் முகவரியை இணைத்துக்கொள்ள முடியும்.

இணைய விருப்பங்களில் ஸ்கிரிப்ட் டிபக்கிங் தடையை நீக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பொருட்படுத்த வேண்டாம்; அந்த அமைப்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு உரியது, அதன் 11ஆம் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் முடித்துக்கொண்டது.

வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்தால், பக்கத்தின் பொதுப் பிழைக் கையாளுநருக்கு ‘ஸ்கிரிப்ட் எரர்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே கிடைக்கும். கோப்பும் வரியும் மறைக்கப்பட்டுவிடும். ஸ்கிரிப்ட் டேகில் கிராஸ்ஆரிஜின் பண்பைச் சேர்த்து, அந்தக் கோப்பை அனுப்பும் சர்வரும் உரிய அனுமதித் தலைப்பை (ஹெடர்) அனுப்புமாறு செய்தால் முழு விவரமும் கிடைக்கும். பண்பை மட்டும் சேர்த்துவிட்டுத் தலைப்பை மறந்தால், ஸ்கிரிப்ட் ஏறவே ஏறாது.