போன தூக்கி போட வேணாம், போரடிக்கிற மாதிரி மாத்துனா போதும்

எந்நேரமும் போன நோண்டுறத குறைக்கணும்னு, பட்டன் போனுக்கு மாறிடுறேன்னு நானும் ஒரு தடவ சபதம் எடுத்தேன், நாலே நாள்தான். டீக்கடைல க்யூஆர் ஸ்கேன் பண்ண முடியல. பட்டன் போன்ல பணம் அனுப்ப 2022லயே யூபிஐ 123பே வந்துடுச்சுதான், ஆனா ஒரு டீக்கு நின்னு நம்பர் அழுத்திட்டு இருந்தா பின்னாடி நிக்கிறவன் சும்மா விடுவானா. அதனால போன் இருக்கட்டும், அதுல இருக்குற ருசிய மட்டும் எடுத்துடுங்க.

மொதல்ல படுக்கை. எனக்கு எல்லா வினையும் அலாரத்துலதான் ஆரம்பிச்சது, அஞ்சரைக்கு அலாரம் வெக்கலாம்னு பத்து மணிக்கு போன எடுப்பேன், நிமிர்ந்து பாத்தா மணி ஒன்னே கால், யாரோ ஒருத்தன் அழுக்கு கார்ப்பெட்ட கழுவுறத பாத்துட்டு இருப்பேன், அலாரம் மட்டும் வெச்சிருக்க மாட்டேன். இப்போ ஒரு டைம்பீஸ் வாங்கிட்டேன், சார்ஜர ஹால்ல மாட்டிட்டேன். இத ஒன்ன மட்டும் செஞ்சாலே பாதி வேல முடிஞ்சுது.

அடுத்து யூடியூப். செட்டிங்ஸ்ல வாட்ச் ஹிஸ்டரிய ஆஃப் பண்ணி, பழைய ஹிஸ்டரியையும் அழிச்சிடுங்க. 2023 ஆகஸ்ட்லேருந்து இப்படி பண்ணா ஹோம் பேஜ் காலியாயிடும், வீடியோ எதுவும் வந்து கைய புடிச்சு இழுக்காது, வேணுங்குறத நாமளே தேடித்தான் பாக்கணும். மொதல் ரெண்டு நாள் கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி வெறிச்சுன்னு இருக்கும், பழகிடும்.

நோட்டிஃபிகேஷன்ல கால், பேங்க் மெசேஜ் தவிர மிச்சத்த ஆஃப் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல குடும்ப குரூப்ப விட்டு வெளிய வந்தா பெரியப்பா போன் போட்டு கேப்பாரு, அதனால மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போட்டுடுங்க, காலை வணக்கம் பூவெல்லாம் அது பாட்டுக்கு உள்ளயே கிடக்கும்.

ஸ்க்ரீன கருப்பு வெள்ளையா மாத்துறதும் நல்லா வேல செய்யுது. ஐபோன்ல ஆக்சஸிபிலிட்டி உள்ள கலர் ஃபில்டர்ஸ்ல இருக்கு, ஆண்ட்ராய்டுல பெட்டைம் மோட்லயே வரும். பிரியாணி ரீல்ஸ் எல்லாம் சாம்பல் கலர்ல வந்தா எவ்ளோ நேரம் பாப்பீங்க?

ஆப் டைமர் மேல எனக்கு பெருசா நம்பிக்க இல்ல. 2018லேருந்து ஐபோன்லயும் ஆண்ட்ராய்டுலயும் இருக்கு, ஆனா பூட்டுறதும் நாமளே தொறக்குறதும் நாமளே. ஐபோன்ல இன்னும் பதினஞ்சு நிமிஷம்னு ஒரு ஆப்ஷன் வேற குடுத்து வெச்சிருக்காங்க. அங்க டைமர் வெக்கணும்னா அத தொறக்குற பாஸ்கோட வீட்ல வேற யாரையாவது போட சொல்லுங்க, நான் என் பொண்ணுகிட்ட குடுத்தேன், எட்டு வயசு, கெஞ்சுனாலும் சொல்ல மாட்டேங்குறா.

ஒரு வாரம் கை சும்மா சும்மா பாக்கெட்டுக்கு போகும், போகட்டும். அப்புறம் அந்த டைம்பீஸ், வாங்கும்போது கடையிலேயே காதுகிட்ட வெச்சு பாத்துடுங்க, சிலதோட டிக் டிக் சத்தத்துல தூக்கமே வராது. நான் மொதல்ல வாங்குனது இப்போ கிச்சன்ல குக்கர் பக்கத்துல ஓடிட்டு இருக்கு.