பாமினியில் தட்டிய அறிக்கை அடுத்தவர் கணினியில் திறக்கவில்லையா? நான் செய்து பார்த்த வழி

எங்கள் பாற்பண்ணையாளர் சங்கத்தின் வருடாந்த அறிக்கையையும் கடிதங்களையும் நான்தான் தட்டுகிறேன். இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களில் மாடு வளர்க்கிற வீடுகள் சேர்ந்து நடத்துகிற சின்னச் சங்கம். பாலைக் குளிரூட்டி வைக்க ஒரு தாங்கி வாங்குவதற்குக் கடன் கேட்டு, ஒரு வங்கிக் கிளைக்கு, பாமினி எழுத்துருவில் தட்டிய அறிக்கையை ஈமெயிலில் அனுப்பினேன். மறுநாள் கடன் பிரிவு உத்தியோகத்தர் போன் எடுத்தார். "தங்கச்சி, நீங்க அனுப்பினது முழுக்க இங்கிலீஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கு, ஒன்னும் வாசிக்க முடியல்ல" என்றார். மாற்றி அனுப்பினேன். இரண்டாவது தரமும் போன் வந்தது. "வருமானம் 1இ250இ000 என்று இருக்கே, இது என்ன கணக்கு?"

அந்த இரண்டு போனுக்கும் இடையில் மூன்று வாரம் போய்விட்டது. உள்ளே எழுதியிருந்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அதை வாசிக்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேர்டைத் திறப்பது, சேமிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் தாள்

‘லேஅவுட்’ போய் ‘சைஸ்’ பாருங்கள். பல கணினிகளில் அமெரிக்க ‘லெட்டர்’ அளவுதான் இருக்கும், நம் ஊரில் விற்கிற தாள் ஏ4, அதாவது 210 x 297 மில்லிமீற்றர். எல்லாம் தட்டி முடித்தபிறகு மாற்றினால் பக்கங்கள் முன்பின் நகரும், ஆகவே தொடங்கும்போதே மாற்றுங்கள். இடப்பக்க ஓரம் மட்டும் 3 சென்ரிமீற்றராவது விடுங்கள். அலுவலகங்களில் கடிதத்தைத் துளை போட்டு கோப்பில் கட்டும்போது வரியின் முதல் எழுத்துகள் அந்தத் துளைக்குள் போகக் கூடாது.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு

பாமினி என்பது தமிழ் எழுத்தின் படத்தை இங்கிலீஸ் எழுத்தின் இடத்தில் வைத்திருக்கிற எழுத்துரு. உங்கள் திரையில் ‘தமிழ்’ என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது இங்கிலீஸ் எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். அடுத்தவர் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அவருக்கு அதுதான் தெரியும். யூனிகோட் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த எண்கள் இருக்கின்றன, அதனால் வேறு எழுத்துருவில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

‘பாமினியில் தட்டிப் பழகின கை, மாற முடியாது’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். மாறத் தேவையில்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ் தட்டும் மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே தட்டும், வருவது யூனிகோடாக இருக்கும். எனக்கு என்.எச்.எம். தான் பிடிக்கும், சின்ன மென்பொருள், பழைய கணினியையும் இழுக்க வைக்காது.

பழைய கோப்புகளை மாற்றுவதுதான் சிக்கல். பாமினியை யூனிகோடாக்கித் தருகிற மாற்றி மென்பொருளுக்குள் முழு ஆவணத்தையும் கொட்டிவிடாதீர்கள். அது எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும், உள்ளே இங்கிலீஸில் இருக்கிற ஈமெயில் முகவரி, வங்கிப் பெயர், கம்பனிப் பெயர் எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் எடுத்து மாற்றி, திரும்ப ஒட்டுங்கள்.

இனி அந்த 1இ250இ000. பாமினியில் இங்கிலீஸ் கொமா இருக்கிற விசையில் ‘இ’ இருக்கிறது. பந்திக்கு நடுவில் 1,250,000 என்று சாதாரண எழுத்துருவில் போட்டிருந்தோம், மாற்றி மென்பொருள் அந்தக் கொமாவையும் பாமினி என்று நினைத்து ‘இ’ ஆக்கிவிட்டது. இணையத்தில் நம் செய்தித் தளங்களில்கூட ‘25இ000 ரூபா’ என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினால் கட்டாயம் ஒன்று தப்பும், எனக்கு இரண்டு தப்பியது. இப்படிச் செய்யுங்கள்: வேர்டில் ‘ரிப்ளேஸ்’ பெட்டியைத் திறந்து, ‘மோர்’ அழுத்தி, ‘யூஸ் வைல்ட்கார்ட்ஸ்’ என்பதில் சரி போடுங்கள். தேடுகிற இடத்தில்

([0-9])இ([0-9])

மாற்றுகிற இடத்தில்

\1,\2

இரண்டு இலக்கத்துக்கு நடுவில் மாட்டிய ‘இ’ மட்டும் கொமாவாகும், ‘இலங்கை’யும் ‘இந்த’வும் அப்படியே இருக்கும். லிப்ரே ஒஃபிஸ் என்றால் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்பதில் சரி போட்டு, மாற்றுகிற இடத்தில் $1,$2 என்று கொடுங்கள். முடிந்தபிறகும் எண்களை மட்டும் ஒரு தரம் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு வாசியுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது, எங்கள் பொருளாளர் அக்கா அப்படித்தான் உதவினார்.

எழுத்துரு மாறவே மாட்டேன் என்கிறதா?

இந்த இடத்தில் நான் ஒரு முழுப் பின்னேரத்தைத் தொலைத்தேன். ‘நோர்மல்’ ஸ்டைலை, அதாவது சாதாரணப் பந்திகளின் எழுத்து அமைப்பைத் திருத்தி எழுத்துருவை மாற்றுகிறேன், இங்கிலீஸ் மாறுகிறது, தமிழ் அசையவில்லை. அளவை 12 ஆக்கினாலும் தமிழ் பழைய அளவிலேயே நிற்கிறது. கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன், வேர்டையே அகற்றித் திரும்பப் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

காரணம் இதுதான்: வேர்ட் தமிழை ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாம் தனிப் பெட்டி. ‘ஹோம்’ பக்கத்தில் ‘நோர்மல்’ ஸ்டைல்மேல் வலது பொத்தானை அழுத்தி ‘மொடிஃபை’, பிறகு கீழே இடது மூலையில் ‘ஃபோர்மட்’, அதில் ‘ஃபொண்ட்’. இப்போது திறக்கிற பெட்டியில் மேலே இங்கிலீஸுக்கு ஒரு பகுதி, அதற்குக் கீழே ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இன்னொரு பகுதி. தமிழ் எழுத்துருவையும் அளவையும் அந்தக் கீழ்ப் பகுதியில் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் ‘ஒப்ஷன்ஸ்’, ‘லாங்குவேஜ்’ போய்த் தமிழைத் தொகுப்பு மொழியாகச் சேர்த்து வேர்டை மூடித் திறங்கள். ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ ஸ்டைல்களுக்கும் இதையே தனித்தனியாகச் செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தலைப்பு தடிப்பாகவில்லை என்று வேர்டோடு சண்டை பிடிக்காதீர்கள்.

எந்த எழுத்துரு? விண்டோஸ் 8 இலிருந்து நிர்மலா யூ.ஐ. கூடவே வருகிறது, கடிதத்துக்கு அதுவே போதும். நீண்ட அறிக்கைக்கு நான் நோட்டோ செரிஃப் தமிழ் போடுகிறேன், இலவசம், தாளில் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அளவு 11, வரி இடைவெளி 1.3 அளவில். தமிழில் மேலே கொக்கியும் கீழே வாலும் இருப்பதால் ஒற்றை இடைவெளியில் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். அப்புறம், இரு பக்கமும் நேராக்குகிற ‘ஜஸ்டிஃபை’ வேண்டாம். நம் சொற்கள் நீளம், ‘கூட்டுறவுச்சங்கங்களுக்கான’ என்று ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் மேல் வரியில் பெரிய பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் நேராக இருந்தால் போதும்.

ஸ்டைல்களைச் சரிப்படுத்திவிட்டால் தலைப்புகளைக் கையால் பெரிதாக்கும் வேலை இல்லை, பொருளடக்கமும் ‘ரெஃபரன்ஸஸ்’ பக்கத்தில் ஒரு அழுத்தில் பக்க எண்களோடு வந்துவிடும்.

அட்டவணை

வாசிப்பவர் முதலில் பார்ப்பது இதைத்தான். அலகை (லீற்றர், ரூபா) தலைவரியில் ஒருமுறை எழுதுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம். எண்கள் வலப்பக்கம் நேராக, சதம் எழுதினால் எல்லாவற்றுக்கும் சதம். அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைவரியும் கூடப் போக ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ அழுத்துங்கள். கணினியில் பிராந்தியம் ‘தமிழ் (இந்தியா)’ என்று இருந்தால் எக்செல் 12,50,000 என்று காட்டும். நம் வங்கிகளில் 1,250,000 என்றுதான் எழுதுவார்கள், கொன்ட்ரோல் பனலில் ‘ரீஜியன்’ போய் ‘டிஜிட் குரூப்பிங்’ என்பதில் இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரிக்கும்படி மாற்றிவிடுங்கள்.

அறிக்கையின் முதல் அரைப் பக்கத்தில் என்ன கேட்கிறோம், எவ்வளவு, எதற்கு என்பது இருக்க வேண்டும். சங்கத்தின் வரலாறு பின்னுக்குப் போகட்டும். நான் முதல் தரம் இரண்டு பக்கம் வரலாறு எழுதி, கடன் தொகையை ஆறாம் பக்கத்தில் வைத்திருந்தேன்.

கடிதம்

எங்கள் வீதியைத் திருத்தக் கேட்டு எழுதியதன் அமைப்பு இது. பெயரையும் இலக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எனது இல: பாபச/2025/07
2025.03.14

செயலாளர்,
பிரதேச சபை,
நோர்வூட்.

ஐயா/அம்மணி,

பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் வீதியைத் திருத்துதல்

மேற்படி விடயம் தொடர்பாக 2025.01.20 ஆம் திகதி அனுப்பிய எமது கடிதத்துக்கு மேலதிகமாக இதை எழுதுகிறோம். ...

நன்றி.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
செயலாளர்

பிரதி: கிராம உத்தியோகத்தர்

‘எனது இல’ என்பதை விட்டுவிடாதீர்கள். பதில் வந்தால் அதில் ‘உமது இல’ என்று இதைத்தான் போடுவார்கள், அலுவலகத்தில் போய் விசாரிக்கும்போதும் இந்த எண்ணைச் சொன்னால்தான் கோப்பு கிடைக்கும். விடயத் தலைப்பைத் தடிப்பாக்குங்கள், அடிக்கோடு போடாதீர்கள், கோடு ‘ழு’, ‘ஞு’ போன்றவற்றின் வாலை வெட்டிக்கொண்டு போகும். ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும். வீதியையும் தண்ணீரையும் ஒன்றாக எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் ஒரு மேசையில் கிடக்கும்.

முகவரியையும் சரிபாருங்கள். முன்பு அம்பகமுவ பிரதேச சபைக்குக் கீழே இருந்த பகுதிகளிலிருந்து, 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நோர்வூட், மஸ்கெலியா சபைகள் தனியாகப் பிரிந்தன. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் பிரிந்தன. பழைய கடிதத்தைப் பார்த்துக் கொப்பி பண்ணினால் பழைய சபைக்கே போகும்.

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் இருக்கிறது, சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைந்து நாட்களை விடாதீர்கள்.

அனுப்பும்போது

பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். ஹட்டனில் கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுப்பதானாலும் பீடிஎஃப்தான் கொண்டுபோங்கள், அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பிப் போய் மழையில் திரும்பி வர வேண்டாம். வட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆகவே அனுப்புங்கள். அவர்கள் திருத்த வேண்டியிருந்தால் மட்டும் வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள், தமிழ் பீடிஎஃபிலிருந்து கொப்பி பண்ணினால் பலதரம் எழுத்துகள் இடம் மாறி வரும்.

பின்சேர்க்கை: இதை வாசித்துவிட்டுப் பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, தன்னிடம் வேர்ட் இல்லை, லிப்ரே ஒஃபிஸில் தமிழுக்கான அந்தத் தனிப் பெட்டி எங்கே என்று கேட்டிருந்தார். ‘டூல்ஸ்’, ‘ஒப்ஷன்ஸ்’ போய் மொழிப் பகுதியில் ‘கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதில் சரி போட்டுத் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். அதன்பிறகு எழுத்துருப் பெட்டியில் ‘சி.டி.எல்.’ அல்லது ‘கொம்ப்ளெக்ஸ்’ என்ற பெயரில் ஒரு பகுதி வரும். காசு கொடுத்து வேர்ட் வாங்க முடியாத சங்கங்களுக்கு நான் லிப்ரே ஒஃபிஸையே சொல்வேன், எங்கள் சங்கக் கணினியிலும் இப்போது அதுதான் இருக்கிறது.

இன்னொருவர், மாற்றியபிறகு எண்கள் சரி, ஆனால் சங்கத்தின் ஈமெயில் முகவரி தமிழாகிவிட்டது என்றார். அதைத் திருப்பி மாற்ற முயலாமல் அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள், தட்டியதும் அந்த முகவரிக்கே ஒரு சோதனை ஈமெயில் போட்டுப் பாருங்கள்.