பழைய மினியின் கியர்பாக்ஸில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடுவது எப்படி

1959-ல் வந்த மினி காரின் கியர்பாக்ஸ் எஞ்சினுக்குக் கீழே, ஆயில் சம்ப் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. எஞ்சினுக்கும் கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில்தான். டிஃபரன்ஷியல் என்பது வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்த் தொகுதி, லிமிடெட் ஸ்லிப் என்பது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை. எந்த லிமிடெட் ஸ்லிப் வாங்குவது என்று யோசிக்கும்போதே இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் வகையைத் தீர்மானிப்பதே இந்த ஆயில்தான்.

இரண்டு வகை கிடைக்கிறது. பிளேட் வகையில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி இரண்டு சக்கரத்தையும் பிணைக்கும். தட்டு தேய்ந்தால் அந்தத் தூள் எஞ்சின் ஆயிலிலேயே கலக்கும், ஸ்டியரிங்கும் கையில் பலமாக இழுக்கும். பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் அதைப் போடலாம். சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் கியர் வகையைத்தான் சொல்வேன். உள்ளே சாய்வுப் பல் கியர்கள் தங்கள் கூட்டின் சுவரை அழுத்தி, வழுக்காத சக்கரத்துக்குக் கூடுதல் முறுக்குவிசையைத் தள்ளும், தட்டு எதுவும் கிடையாது. ஒரு குறை உண்டு: ஒரு சக்கரம் தரையை விட்டு முழுதாகத் தூக்கிவிட்டால் இது சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

வாங்கும் முன் உங்கள் டிரைவ் ஷாஃப்ட் எந்தக் காலத்தது என்று பாருங்கள். ஆரம்ப வண்டிகளில் ரப்பர் கப்ளிங், பிற்கால வண்டிகளில் பாட் ஜாயின்ட் (கிண்ணம் போன்ற உலோக இணைப்பு), அதற்கேற்ப வெளிவரும் ஷாஃப்டின் ஸ்ப்லைனும், அதாவது முனையில் வெட்டிய பல் வரிகளும், மாறும். கிரவுன் வீலின் (டிஃபரன்ஷியலைச் சுற்றும் பெரிய பல் சக்கரம்) போல்ட் துளையின் அளவையும் புது யூனிட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். கிரவுன் வீலும் அதைச் சுற்றும் சின்ன கியரான பினியனும் ஜோடியாகவே இருக்க வேண்டும், பழைய ஜோடி நன்றாக இருந்தால் அதே கிரவுன் வீலைப் புது யூனிட்டில் மாட்டலாம். இன்னொரு நல்ல விஷயம், மினியில் இந்த ஜோடி, இரண்டு தண்டுகளும் குறுக்காக அமையும் ஹைபாய்ட் கியர் இல்லை, சாய்வுப் பல் கியர்தான். அதனால் பின்சக்கர வண்டிகளில் செய்வது போல பினியன் ஆழம், பல் இடைவெளி என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுங்கள், இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கத் தேவையில்லை. டிஃபரன்ஷியல் பின்பக்கம் தனி ஹவுசிங்கில் இருக்கிறது. ராட் வழியாக கியர் மாற்றும் பிற்காலப் பெட்டி என்றால், ஹவுசிங்கைத் தொடும் முன் செலக்டர் ஷாஃப்டின் (கியர் மாற்றும் தண்டு) ஸ்பிரிங்கையும் குண்டையும் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் இரண்டு பக்க மூடிகள், லாக் டேப் (நட்டு கழலாமல் மடித்து விடும் தகடு), ஹவுசிங் நட்டுகள் ஆகியவற்றைக் கழற்றுங்கள். எல்லாம் அங்குல அளவு, மெட்ரிக் ஸ்பேனரை வைத்து முனையை உருட்டிவிடாதீர்கள். ஹவுசிங்கும் கியர்பாக்ஸ் கேசிங்கும் சேர்த்து வைத்துக் கடையப்பட்டவை, வேறு பெட்டியின் ஹவுசிங்கை எடுத்து மாட்டக் கூடாது.

பழைய யூனிட் கையில் வந்ததும் நடுவில் இருக்கும் குறுக்குப் பின்னைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழன்ற வண்டியில் அது நீலம் பாய்ந்து, சின்ன கியர் உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பின் உடைந்தால் கேசிங்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே உலோகத் தூள் கண்டால் பெட்டி முழுவதையும் கழுவாமல் புது யூனிட்டை உள்ளே வைக்காதீர்கள்.

கிரவுன் வீலைப் புது யூனிட்டில் உட்கார வைக்கும் முன் இரண்டு முகத்தையும் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் கிரவுன் வீல் ஆடும். புது போல்ட் போட்டு, எதிரெதிராக, உங்கள் பெட்டிக்கான கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்சால் இறுக்குங்கள். பேரிங் புதிதாகவே போடுங்கள், ‘த்ரஸ்ட்’ என்று எழுதிய பக்கம் வெளியே பார்க்க வேண்டும். உட்பக்க வளையத்தை மட்டும் அழுத்தி ஏற்றுங்கள், வெளி வளையத்தில் சுத்தியல் படவே கூடாது.

இனிமேல்தான் நிதானம் வேண்டிய இடம். இந்த வேலை நிலைக்குமா, சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் ஊளையிடுமா என்பது ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய உலோக வளையம்) அளவில்தான் இருக்கிறது. யூனிட்டை உள்ளே வைத்து ஹவுசிங் நட்டுகளை லேசாக மட்டும் இறுக்குங்கள், பேரிங் பிடிபட வேண்டும், ஆனால் பக்கவாட்டில் நகர வேண்டும். ஃபிளைவீல் பக்க மூடியைக் கேஸ்கட்டோடு மாட்டி, ஆயில் துளை நேராக இருக்கிறதா என்று பார்த்து, சமமாக இறுக்குங்கள். அது யூனிட்டை மறுபக்கம் தள்ளிவிடும். அப்புறம் மறுபக்க மூடியைக் கேஸ்கட் இல்லாமல் வைத்து, பேரிங்கைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் போல்ட்டைத் திருப்புங்கள். இப்போது மூடிக்கும் கேசிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நாலு இடத்தில் அளக்க வேண்டும். நாலும் ஒன்றாக வராவிட்டால் போல்ட் ஏறுமாறாக இறுகியிருக்கிறது, தளர்த்தி மறுபடி ஆரம்பியுங்கள். நான் முதல் தடவை செய்தபோது ஒரு பக்கம் 0.15, எதிர்ப்பக்கம் 0.25 மில்லிமீட்டர் காட்டியது, சராசரி எடுத்து ஒப்பேற்றலாம் என்று கை பரபரத்தது. விட்டுவிட்டு மூன்று தடவை திரும்ப இறுக்கிய பிறகுதான் நாலு அளவும் ஒன்றானது.

கணக்கு இதுதான்: அமுங்கிய கேஸ்கட்டின் தடிமனோடு வேண்டிய பிரீலோடை, அதாவது பேரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டி, அதிலிருந்து அளந்த இடைவெளியைக் கழித்தால் ஷிம் தடிமன். உதாரணத்துக்கு கேஸ்கட் 0.20, பிரீலோட் 0.10, இடைவெளி 0.18 என்றால் ஷிம் 0.12 மில்லிமீட்டர். உங்கள் பெட்டிக்கான உண்மையான எண்களைக் கையேட்டிலிருந்தே எடுங்கள். ஷிம்மைப் பேரிங்குக்கும் மூடிக்கும் நடுவில் வைத்து, கேஸ்கட் போட்டு, ஹவுசிங் நட்டுகளை முழு அளவுக்கு இறுக்கி, லாக் டேப்பை மடித்து, கடைசியில் மூடியை இறுக்குங்கள். ஆயில் சீல்களைப் பழையதாக விட்டுவிடாதீர்கள், அதற்காக மறுபடி எஞ்சினை இறக்க வேண்டி வரும்.

கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான, ஒரே சீரான பிடிப்பு இருக்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் கடித்தால் திறந்து பாருங்கள். கியர் வகையில் ஒரு பக்க ஷாஃப்டைத் திருப்பினால் மறுபக்கம் எதிர்த்திசையில் சுலபமாகச் சுற்றும். வேலை செய்யவில்லையோ என்று பதறாதீர்கள், பளு ஏறும்போதுதான் அது பிடிக்கும்.

ஆயில் 20W-50 மினரல் போதும். பின்சக்கர ஆக்சிலுக்கு விற்கும் லிமிடெட் ஸ்லிப் ஆயிலையோ அதன் சேர்மானத்தையோ ஊற்றாதீர்கள், அது எஞ்சினுக்குள்ளும் போகும். முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு ஆயிலை வடியுங்கள், டிரெய்ன் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் கவலையில்லை. விரலில் குத்துகிற சில்லு வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.