சிறுதொழில் செய்பவர் இணையவழி உதவியாளரை அமர்த்திப் பயன்பெறும் முறை

சென்னிமலைப் பக்கம் நூல் வாங்கித் தறிக்காரர்களிடம் கூலிக்கு நெய்யவைத்து, பெட்ஷீட்டும் துண்டும் விற்கும் ஒரு சிறு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். திங்கள் இரவு ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனால், செவ்வாய் வியாபாரம் முடியும்வரை அவரால் கைப்பேசியை நிதானமாகப் பார்க்க இயலாது. ‘டபுள் காட் என்ன ரேட்’, ‘பார்சல் எங்கே நிற்கிறது’, ‘ஜிஎஸ்டி பில் இன்னும் வரவில்லையே’ என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிவதும் அந்த நேரத்தில்தான். பதில் கிடைக்காத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இதற்கென ஒருவரை முழுநேரச் சம்பளத்துக்கு வைக்கவோ வருமானம் இடங்கொடுப்பதில்லை.

இந்த இடத்தில்தான் இணையவழி உதவியாளர் பயன்படுகிறார். பலரும் விர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்று குறிப்பிடும் இவர், தம் வீட்டிலிருந்தபடியே, தம்முடைய கணினியில், பேசிக்கொண்ட மணி நேரத்துக்கு அலுவலக வேலைகளைச் செய்து தருபவர். இவருக்கு மேசை, கணினி, போக்குவரத்து என்று செலவு இல்லை. வேலை குறைந்த மாதத்தில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் செலவுச் சிக்கனத்தை முதன்மையான பயனாக நான் கருதவில்லை. நூல் விலை பேசுவது, தறியில் தரம் பார்ப்பது, மொத்த வியாபாரிகளைச் சந்திப்பது ஆகிய மூன்றையும் முதலாளியைத் தவிர வேறொருவர் செய்ய முடியாது. அவற்றுக்கு இடையூறில்லாத நேரம் கிடைப்பதே பெரும்பயன்.

ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பேடு வைக்க வேண்டும். காலை முதல் இரவு வரை செய்த ஒவ்வொரு வேலையையும், அதற்குப் பிடித்த நேரத்தையும், சலிப்பாக இருந்தாலும் எழுதிவர வேண்டும். வார முடிவில் அவற்றைப் படித்தால், எழுதிக் கொடுத்தால் யாரும் செய்யக்கூடியவை, நம் அனுபவம் தேவைப்படுபவை, பணத்தைத் தொடுபவை என்று வேலைகள் தாமே பிரிந்து நிற்கும். முதல் வகையை மட்டுமே ஒப்படைக்க வேண்டும். விலை விசாரணைக்குப் பதில் சொல்வது, கூரியர் எண் அனுப்புவது, பொருள் படங்களையும் அளவுகளையும் கேட்டலாக்கில் ஏற்றுவது, பாக்கிக்காரர்களுக்கு நினைவூட்டுவது, பில்களைத் தேதிவாரியாக அடுக்குவது ஆகியவை இவ்வகையில் சேரும்.

இவற்றுள் பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு வேலையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். வாங்கிய சரக்குக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நாம் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவர் அந்தப் பில்லைத் தம் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்றியிருக்க வேண்டும். 2022 சனவரி முதல், விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் கொண்டு ஜிஎஸ்டி தளம் நமக்குத் தொகுத்துத் தரும் 2பி பட்டியலில் வராத பில்லுக்கு அந்தக் கழிவைப் பெற இயலாது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 கொடுக்க வேண்டும். 14-ஆம் தேதி நம் 2பி பட்டியல் உருவாகும். 20-ஆம் தேதிக்குள் நாம் 3பி என்னும் மாத வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். நூல்காரர் பில்லை ஏற்றவில்லை என்பது 14-ஆம் தேதி தெரிந்தால் அந்த மாதத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே உதவியாளர் கொள்முதல் பில்களைப் பட்டியலிட்டு, 8, 9 தேதிகளிலேயே ஒவ்வொரு விற்பனையாளரையும் அழைத்து, பில் எண்ணைச் சொல்லி ஏற்றச் சொல்ல வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் விற்பனையாளர் யார் யார் என்பதையும் அவர் தனியே குறித்துவைக்க வேண்டும். அவர்கள் விரும்பினால் ஒரு மாதத்துப் பில்களை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்ற வழி உண்டு என்றாலும், கேட்காமல் பெரும்பாலோர் செய்வதில்லை. பருத்தி நூலுக்கு வரி 5 விழுக்காடு. 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரே ஒரு பில் விடுபட்டாலும் அந்த மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகக் கையிலிருந்து கட்ட நேரும். ஆடிட்டர் அலுவலகம் இதற்காக நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வேலையை ஒப்படைக்கும்போது செய்முறையை எழுதித் தர வேண்டும்; வாய்மொழி போதாது. எந்த அளவுக்கு என்ன விலை, எத்தனை எண்ணிக்கைக்கு மேல் மொத்த விலை, கேரளத்துக்கு எந்தப் பார்சல் சர்வீஸ், எந்தக் கேள்வி வந்தால் முதலாளியிடம் கேட்க வேண்டும் என்பவை இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். கணினித் திரையில் ஒருமுறை செய்துகாட்டி அதைப் பதிவுசெய்து அனுப்புவது இன்னும் எளிது. விலை குறைக்கும் அதிகாரத்தை மட்டும் தொடக்கத்தில் கொடுக்காதிருப்பது நல்லது.

அடுத்தது அனுமதிகள். நம் கடவுச்சொல்லை அப்படியே கொடுப்பது தவறான வழக்கம். சரக்கு லாரியில் போகும்போது உடனிருக்க வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லுக்குரிய தளத்தில் துணைப் பயனர் ஒருவரை உருவாக்கி, பில் போடும் உரிமையை மட்டும் தர முடியும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கும் வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் தேவைப்படுவதால், லாரி ஏறும் நேரத்தில் இது பெரிய உதவி. கூகுள் டிரைவில் கோப்புகளைத் தனித்தனியே பகிரலாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை முதன்மைக் கைப்பேசியைத் தவிர நான்கு சாதனங்களில் இணைக்கலாம். ஆனால் இணைக்கப்பட்ட சாதனத்தில் உரையாடல்கள் அனைத்தும் தெரியும் என்பதால், குடும்பத்தாருடன் பேசும் எண்ணும் வியாபார எண்ணும் ஒன்றாக இருக்கலாகாது. சிறு வியாபாரிகள் பலர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

பணம் முதலாளியின் கையிலேயே இருக்கட்டும். ஓடிபி எண்ணையும் யுபிஐ பின்னையும் எந்த நெருக்கடியிலும் பகிரக் கூடாது. பணம் செலுத்தியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிப்பது மிக எளிது என்பதால், அதை நம்பிப் பார்சலை அனுப்பக் கூடாது என்பதைச் செய்முறைத் தாளின் முதல் வரியாக எழுத வேண்டும். வங்கிக் கணக்கில் தொகை வந்துவிட்டதை முதலாளி பார்த்து ‘வந்தது’ என்று செய்தி அனுப்பிய பிறகே உதவியாளர் பார்சலுக்குச் சொல்ல வேண்டும்.

யாரை அமர்த்துவது? பட்டங்களைவிட, வாடிக்கையாளருக்குத் தமிழில் பிழையில்லாமல் பணிவாக நான்கு வரி எழுதத் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஆடிட்டர் அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை பார்த்துவிட்டுக் குழந்தை வளர்ப்புக்காக வீட்டிலிருக்கும் பெண்களில் இத்தகைய வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள் உண்டு. நேர்காணலில் நீட்டிப் பேசுவதைக் காட்டிலும், உண்மையான இருபது பில்களைக் கொடுத்துப் பட்டியலிடச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்துப் பார்ப்பது தெளிவைத் தரும். பிறகு இரண்டு வாரச் சோதனைக் காலம் போதும். மாலையில் முடிந்தவை, முடியாதவை, முதலாளியிடம் கேட்க வேண்டியவை என்று மூன்று வரிச் செய்தி அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட்டால், அடிக்கடி அழைத்துக் கேட்கும் தொல்லை இருக்காது.

கூலியை நிர்ணயிக்க ஒரு கணக்கு உதவும். மாதம் 60,000 ரூபாய் இலாபத்துக்காக ஒருவர் 240 மணி நேரம் உழைக்கிறார் என்றால் அவருடைய ஒரு மணி நேரத்தின் மதிப்பு 250 ரூபாய். கூரியர் எண் அனுப்பும் வேலையை அதற்குக் குறைந்த தொகையில் வேறொருவர் செய்தால் இலாபமே. ஆனால் மிஞ்சிய நேரத்தை அவர் கொள்முதலிலோ விற்பனையிலோ செலவிட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் இருந்தாலும் போதும். வேலை நேரம், கூலி தரும் தேதி, வாடிக்கையாளர் விவரங்களைப் பிறருக்குத் தரக் கூடாது என்னும் விதி, விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியாரிடம் கொடுத்தாலும் அந்த விவரங்களுக்குப் பொறுப்பு நிறுவனத்தையே சேரும். உதவியாளர் விலகும் நாளிலேயே வாட்ஸ்அப் இணைப்பை நீக்கி, ஈ-வே பில் துணைப் பயனரை முடக்கி, பகிர்ந்த கோப்புகளைத் திரும்பப் பெற வேண்டும்.

குறிப்பேட்டைக் கூட்டிப் பார்க்கையில், ஒப்படைக்கத்தக்க வேலை நாளுக்கு அரை மணி நேரத்தைத் தாண்டவில்லையென்றால் இப்போதைக்கு ஆள் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸிலேயே உள்ள விரைவுப் பதில்களும் தானியங்கிச் செய்தியும் செவ்வாய்க்கிழமையைச் சமாளித்துவிடும். அத்தகையோர் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு மட்டும் ஒருவரை அமர்த்திப் பார்க்கலாம்.