3.0 ஹைலக்ஸ்: எஞ்சினை இறக்கும் நிலை வருமுன் வொஷரையும் வலையையும் பாருங்கள்

2005 முதல் 2015 வரையிலான டொயோட்டா ஹைலக்ஸில் வரும் 3.0 லிட்டர் 1கேடி டீசல் எஞ்சின், ஒழுங்காகப் பராமரித்தால் 3, 4 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பல வண்டிகளில் அதற்கு முன்பே எஞ்சின் சீஸ் ஆவதற்கு (இறுகி நின்றுபோவதற்கு) முக்கியக் காரணம், டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் இருக்கும் செப்பு வொஷர்.

இந்த எஞ்சினில் இன்ஜெக்டர்கள் ரொக்கர் கவருக்குள், அதாவது எஞ்சினின் மேல்மூடிக்குள், இறங்கி நிற்கின்றன. வொஷர் கசிந்தால் எரிந்த வாயு வெளியே வராமல் கவருக்குள்ளேயே புகுந்து ஒயிலோடு கலக்கும். அந்தக் கரி தார் போல இறுகி, சம்ப்பின் (எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டியின்) அடியில் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பிறகு டர்போவும் பேரிங்குகளும் ஒயில் இல்லாமல் தேயும். வெளியே ஒரு சொட்டுக் கசிவுகூடத் தெரியாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' சத்தம், ஐட்லிங்கில் 'சஃப் சஃப்' என்று காற்று அடிப்பது, ஒயில் விளக்கு அணையத் தாமதமாவது: இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். ஒயில் அழுத்தம் அநேகமாக இல்லாமல் போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். அந்த விளக்கை எரியவைக்கும் ஒயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டி அளந்து பாருங்கள்.

அடுத்து ஒயிலை வடித்து, கீழ்ச் சம்ப்பைக் கழற்றுங்கள். கழற்ற வசதி இல்லையென்றால் வடிகால் துளை வழியாகச் சிறு கமெரா விட்டு வலையைப் பார்க்கலாம். வலையில் கருஞ்செதில் இருந்தால் எஞ்சின் ஃப்ளஷ் (உள்ளே கழுவும் திரவம்) ஊற்றவே கூடாது. மேலே ஒட்டியிருக்கும் கரியையும் அது இளக்கிக் கொண்டுவந்து, மிச்சம் இருக்கும் துளைகளையும் அடைத்துவிடும். கெட்டியான ஒயிலுக்கு மாறுவதும் தீர்வல்ல. அடைபட்ட வலை வழியாக அது இன்னும் மெதுவாகத்தான் போகும்.

இன்ஜெக்டரைக் கழற்றியதும் வொஷருக்கு மேலே அதன் உடம்பைப் பாருங்கள். அங்கே கரி படிந்திருந்தால் கசிந்தது அந்த சிலிண்டர்தான். ஆனாலும் நான்கு வொஷர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வொஷரைத் திரும்பப் போடவே வேண்டாம். வேலை கெடுவது பெரும்பாலும் ஹெட்டில் வொஷர் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் விடுவதால்தான்: ஒரு துணுக்குக் கரி மிஞ்சினாலும் புது வொஷர் சில மாதங்களில் கசியும். நொசில் துளையை அடைத்துக்கொண்டு, அதற்கான கட்டரால் கையாலேயே சுரண்டி, தூளை உறிஞ்சி எடுங்கள். டீசல் திரும்பும் குழாயின் வொஷர்களையும் ரொக்கர் கவர் சீல்களையும் கூடவே மாற்றுங்கள். இன்ஜெக்டரே புதிதென்றால் அதன் தலையில் உள்ள குறியீட்டை ஸ்கானர் மூலம் எஞ்சின் கணினியில் பதிய வேண்டும்.

எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் ஸ்கானர் காட்டும் இன்ஜெக்டர் ஃபீட்பேக் அளவு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் எஞ்சின் கணினி டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டல் 3, கழித்தல் 3 கன மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டும் இன்ஜெக்டரை அப்படியே விட்டால் பிஸ்டனில் வெடிப்பு விழும் அபாயம் உண்டு. அதன் செலவு வேறு.

டைமிங் பெல்ட்டை 1,50,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

வொஷர் வேலை முடிந்த வண்டியில் ஏறக்குறைய 7 லிட்டர் ஒயிலும் புது பில்டரும் போட்டு, 1,000 கிலோமீட்டரில் இரண்டையும் மறுபடி மாற்றுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரி அந்த ஒயிலோடுதான் வெளியேறும். அதன்பிறகு 5,000-க்கு ஒருமுறை போதும்.