ஸ்போர்ட்ஸ் செடானுக்குக் குளிர்கால ரயர்: பலரும் விடும் பிழைகள்

கனடாவில் ஓடும் பி.எம்.டபிள்யூ 330ஐ எக்ஸ்டிறைவ் (நான்கு சில்லும் இழுக்கும்) கார்களில் (3 சீரிஸின் ஜி20 தலைமுறை) நிறையப் பேர் விரும்பி எடுக்கும் 19 அங்குலச் செற்றில் முன்ரயர் 225/40 ஆர் 19, பின்ரயர் 255/35 ஆர் 19 (முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது, கடைசி அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). பார்க்க அழகுதான். குளிர்காலத்துக்கும் அதே அளவைத் தேடிப்போவதுதான் முதற்பிழை, செலவு கூடிய பிழையும் அதுதான்.

அகலமான ரயர் சேற்றுப் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்காது, மேலே மிதக்கும். ஒடுங்கிய ரயர் அதே எடையைச் சிறிய பரப்பில் அழுத்துவதால் தார் வரைக்கும் போய்ப் பிடிக்கும். அடுத்தது பக்கச்சுவர். 255/35 ரயரில் ரிம்முக்கும் வீதிக்கும் இடையே இருப்பது 89 மில்லிமீற்றர் ரப்பர் மட்டுமே. மார்ச் மாதம் பனி உருகி வீதியெல்லாம் குழி விழும்போது ரிம் வளைவது இந்த அளவுகளில்தான் அதிகம். இன்னொன்று, முன்னும் பின்னும் வேறு அளவாக இருந்தால் ரயர்களை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த வழியில்லை.

நான்கு சில்லுக்கும் 225/45 ஆர் 18 போடுங்கள். அதே காருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் அளவுதான் இதுவும். முழு விட்டம் ஏறத்தாழ 660 மில்லிமீற்றர். 19 அங்குலப் பின்ரயர் 661. கிலோமீற்றர் மானி பிழைக்காது. 17 அங்குலத்தில் 225/50 இன்னும் மலிவு, ஆனால் எம் ஸ்போர்ட் எனும் பெரிய பிறேக் உள்ள காரில் பிறேக் கலிப்பர் ரிம்மில் முட்டக்கூடும். ரயர் பூட்டுவதற்கு முன் வெறும் ரிம்மைப் போட்டுச் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறதென்று 225/40 ஆர் 18 வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதன் விட்டம் 637 மில்லிமீற்றர்தான். மானி உண்மையைவிடக் கூடிய வேகம் காட்டும், கார் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பதியும், ரயரின் சுமைக் குறியீடும் பெரும்பாலும் போதாது. சாரதிக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எந்த அளவுக்கு எந்தச் சுமைக் குறியீடு என்று இருக்கும். 95 என்றால் ஒரு ரயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615. தாளில் உள்ளதற்குக் குறைந்ததை ஏற்க வேண்டாம். நான்கு சில்லும் இழுக்கும் காரில் முன்னுக்கொரு விட்டம், பின்னுக்கொரு விட்டம் போட்டு ஓடினால் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போகும். அதைத் திருத்தும் செலவுக்குப் பல செற் ரயர் வாங்கலாம்.

பழைய ரிம் வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறார்கள். முந்தைய எஃப்30 தலைமுறை 3 சீரிஸின் ரிம்மில் ஐந்து ஓட்டைகள் 120 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும். ஜி20க்கு அது 112. எஃப்30 ரிம் பூட்டவே வராது என்பதால் ஆபத்தில்லை. ஆபத்து, பூட்ட வருவதில் இருக்கிறது. அவுடி, மெர்சிடிஸ் ரிம்களும் ஐந்து ஓட்டை, 112தான். நடுத்துளையும் ஏறத்தாழ ஒன்றே. விற்பவர் "அப்படியே பொருந்தும்" என்பார். ரிம்மைத் திருப்பி, போல்ற் வந்து உட்காரும் குழியை விரலால் தடவிப் பாருங்கள். பி.எம்.டபிள்யூவின் போல்ற் தலை கூம்பு வடிவம், ஆகவே குழியின் சுவர் நேர்ச் சரிவாக இருக்க வேண்டும். அவுடியின் குழி கிண்ணம்போல உருண்டையாக இருக்கும். கூம்பு போல்ற்றைக் கிண்ணக் குழியில் முறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே தொடுகை இருக்கும்; ஓட ஓடத் தளரும். ஒஃப்செற் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் இடைத்தூரம்) அளவும் வேறு என்பதால் சில்லு உள்ளே தள்ளி உட்காரும். இந்த ரிம்மைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது ரயரின் வகை. குளிர்கால ரயர் எல்லாம் ஒரே சாதியல்ல. மிச்சலின் பைலட் அல்பின் 5, பிரெல்லி சொட்டோசீரோ 3 போன்றவை வேகக்காருக்கான குளிர்கால ரயர்கள். ஈரமும் உப்பும் கலந்த நெடுஞ்சாலையில் ஸ்ரியறிங் திருப்பம் இறுக்கமாக இருக்கும், பிறேக் நன்றாகப் பிடிக்கும். மிச்சலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ்90, நொக்கியன் ஹக்கபெலீட்டா ஆர்5 ஆகியவை உறைபனிக்காகச் செய்தவை. ரப்பர் இன்னும் மென்மை, வெட்டுக்கள் நெருக்கம். கண்ணாடிபோல் உறைந்த சந்தியில் நிற்பதற்கு இவைதான் வேண்டும். ஆனால் பிளஸ் 8 பாகையில் வளைவில் திருப்பினால் கார் தயங்கித் திரும்பும்.

ரொறன்ரோ, மார்க்கம் பக்கம் 401, 404 வழியே ஓடுபவருக்கு முதல்வகை போதும். அந்த வீதிகள் பெரும்பாலும் வழித்து உப்புப் போட்டபடி இருக்கும். ஒட்டாவா, சட்பரி, மொன்றியல் என்றால் இரண்டாவது வகை. ரொறன்ரோவிலேயே இருந்தாலும் விடியற்காலை வேலைக்குப் போக, வழிக்காத குறுக்குத்தெருவில் இருந்து காரை எடுக்க வேண்டியவருக்கும் இரண்டாவதைத்தான் சொல்வோம். வளைவில் வேகமாகத் திரும்பும் சுகத்தைவிட முன்காரின் பின்னால் முட்டாமல் நிற்பது பெரிது. ஆணி பதித்த ரயர் தென் ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு அனுமதியில்லை.

ரயரின் பக்கத்தில் எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருப்பதைக் கண்டு குளிர்கால ரயர் என நினைப்பதும் பரவலான பிழை. அது வெட்டின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்குப் பனியில் எந்தச் சோதனையும் கிடையாது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம்தான் தேட வேண்டியது. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தச் சின்னமுள்ள ரயர் கட்டாயம். இல்லையென்றால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். ஆனால் சின்னமும் முழு உத்தரவாதமல்ல. இறுகிய பனியில் முன்னோக்கி இழுக்கும் வலுவைத்தான் அதன் சோதனை அளக்கிறது. நிற்பதும் திரும்பும் பிடிப்பும் அதில் இல்லை, உறைபனியும் இல்லை. அதனால்தான் வருடம் முழுக்க ஓடும் ஓல்-வெதர் ரயர்களிலும் அதே சின்னம் இருக்கிறது.

"நாலு சில்லும் இழுக்கும் கார், ஓல்-சீசன் போதும்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நான்கு சில்லு இழுப்பது புறப்பட உதவும். நிற்க உதவாது: எந்தக் காரிலும் பிறேக் நான்கு சில்லிலும்தான் இருக்கிறது. இரண்டு ரயர் மட்டும் வாங்குவது இன்னும் மோசம். ஹொண்டா சிவிக் எஸ்ஐ போன்ற முன்சில்லு இழுக்கும் காரில் முன்னுக்கு மட்டும் குளிர்கால ரயர் போட்டால், வளைவில் பிறேக் பிடித்ததும் பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வந்துவிடும்.

கோடைக்கான வேக ரயரோடு வந்த காரென்றால் பொறுத்திருக்கவே கூடாது. வெப்பம் 7 பாகைக்குக் கீழே நிலையாக இறங்கியதும் அந்த ரப்பர் விறைக்கத் தொடங்கும். மைனஸ் 7க்குக் கீழே அசைத்தால் வெடிப்பு விழலாம். கடைகளில் நெரிசல் தொடங்குவது முதற்பனி விழுந்த அன்று, ஆகவே ஒக்ரோபரிலேயே நேரம் பதிந்துவிடுங்கள்.

ஜி20யில் உபரிச் சில்லு கிடையாது. காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாற் ரயரை நம்பித்தான் அப்படி விட்டிருக்கிறார்கள். சாதாரணக் குளிர்கால ரயர் போட்டால், மின்பம்பும் அடைப்புத் திரவமும் கொண்ட பெட்டியொன்று டிக்கியில் இருக்க வேண்டும். புதிய ரிம்மில் காற்றழுத்த சென்சர் போடாவிட்டால் பனிக்காலம் முழுக்க எச்சரிக்கை விளக்கு எரியும், உண்மையில் காற்றுப் போகும்போதும் தெரியாது. போட்ட பின் காரின் திரையில் சென்சரை மீளமைக்க மறக்கக்கூடாது. வெப்பம் ஏறத்தாழ 5.6 பாகை குறைய ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அலகு) குறையும்: 20 பாகை கராஜுக்குள் காற்றடித்துவிட்டு மைனஸ் 15இல் வெளியே எடுத்தால் ஆறு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். வெளியே, ஓடுவதற்கு முன் அளவுங்கள்.

பாவித்த ரயர் வாங்கினால் ரயரின் பக்கத்தில் உள்ள டொட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 3521 என்றால் 2021இன் 35ஆவது வாரம். வெட்டின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால் பனிக்கு உதவாது. ஒன்ராறியோவில் 2016 முதல் குளிர்கால ரயருக்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி. பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள், தானாக வராது.

பூட்டும்போது ஹப்பில் (காரில் ரிம் வந்து பொருந்தும் பகுதி) உப்பால் பிடித்த துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரிம் சமமாக உட்காராது. போல்ற்றில் எண்ணெயோ கிறீஸோ பூச வேண்டாம். அதே முறுக்கில் போல்ற் அளவுக்கு மீறி இழுபடும். ஜி20க்கு 140 நியூட்டன் மீற்றர், நட்சத்திர ஒழுங்கில், முறுக்கை அளந்து இறுக்கும் ரோர்க் றெஞ்சால். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொருமுறை அதே அளவில் இறுக்கிப் பாருங்கள்.