கிரப் மெனு காணாமல் போனால்: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டு, ஃபெடோரா என்று இரண்டு மூன்று இயங்குதளங்களை வைத்திருப்பவர்களில் பலருக்கு இது என்றாவது ஒருநாள் நடக்கிறது. விண்டோஸ் ஒரு பெரிய அப்டேட் போட்டிருக்கும், அல்லது புதிதாக இன்னொரு லினக்ஸை நிறுவியிருப்பீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் வழக்கமான மெனு வராது. நேராக விண்டோஸ் திறக்கும். இல்லையென்றால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற ஒரு சொல் மட்டும் நிற்கும்.

இந்த நிலையில் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் முழுசாகவே இருக்கின்றன. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு நிரல்தான் பூட்லோடர். லினக்ஸில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது கிரப். அது கெட்டதால் ஹோம் ஃபோல்டர் கெடாது. கோப்புகள் அழிவதெல்லாம் அதற்குப் பிறகு, பதற்றத்தில் தட்டுகிற கட்டளைகளால்தான். அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: என்ன நடந்திருக்கிறது என்று தெரியும்வரை டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள்.

கெடாததைப் பழுதுபார்ப்பது

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் வரவில்லை என்றால், யாரோ அதை அழித்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். யூஇஎஃப்ஐ (இன்றைய கணினிகளைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினிகளில் எந்த பூட்லோடரை முதலில் திறப்பது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. விண்டோஸ் அந்த வரிசையில் தன்னை முதலிடத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கணினியை ஆன் செய்ததும் பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அங்கே 'உபுண்டு' அல்லது 'ஃபெடோரா' என்ற பெயர் தெரிந்து, அதைத் தேர்ந்தெடுத்தால் கிரப் வருகிறது என்றால், பழுது என்று எதுவுமே இல்லை. பயாஸ் அமைப்பு என்ற கணினியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் வரிசையை மாற்றினால் போதும். லினக்ஸுக்குள் இருந்தபடியே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையாலும் மாற்றலாம். இரண்டு நிமிட வேலை. இதற்காக லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸைத் திறக்க உதவும் பென் டிரைவ்) தயாரித்து, கிரப்பை மறுபடி நிறுவி, அதில் புதிதாக ஒரு கோளாறை வரவழைத்துக்கொள்பவர்கள் நிறைய.

திரையில் வரும் செய்தியையும் படிக்காமல் விட்டுவிடுகிறோம். 'கிரப்' என்று மட்டும் வந்தால், கிரப் நன்றாக ஏறிவிட்டது, தன் மெனுக் கோப்பைத்தான் காணவில்லை என்று பொருள். 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால், கிரப்பின் தொகுதிகள் இருக்கும் பார்ட்டிஷனையே காணவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு பார்ட்டிஷனை நீக்கிய பிறகு வருவது பெரும்பாலும் இதுதான். நீக்கியதே லினக்ஸ் பார்ட்டிஷன் என்றால், பழுதுபார்க்க அங்கே கிரப் இல்லை. விண்டோஸ் பூட்லோடரைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முதல் வகையில் லைவ் யூஎஸ்பி கூடத் தேவைப்படாமல் போகலாம். அந்தக் கறுப்புத் திரையிலேயே எல்எஸ் கட்டளையால் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எதில் பூட் ஃபோல்டர் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு கான்ஃபிக்ஃபைல் என்ற கட்டளைக்குப் பின்னால் அங்குள்ள கிரப் டாட் சிஎஃப்ஜி கோப்பின் பாதையைக் கொடுத்தால் பழைய மெனு வந்துவிடும். லினக்ஸ் திறந்ததும், உள்ளே இருந்தபடியே கிரப்பைச் சரிசெய்யுங்கள். வெளியிலிருந்து செய்வதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

லைவ் யூஎஸ்பியைத் தவறான முறையில் திறப்பது

நான் பார்த்தவரை எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கும் தவறு இது. கணினி பூட் ஆக இரண்டு முறைகள் உண்டு: பழைய பயாஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை. பயாஸ் முறையில் பூட்லோடரின் முதல் துண்டு டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும். யூஇஎஃப்ஐ முறையில் அதற்கென்று உள்ள ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்பாக இருக்கும். இரண்டும் வேறு வேறு வழி.

இரண்டு முறைகளும் உள்ள கணினிகளின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர் மட்டும். கவனிக்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், லைவ் லினக்ஸ் பயாஸ் முறையில் திறக்கும். அங்கிருந்து கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால், அது பயாஸுக்கான கிரப்பை நிறுவப் பார்க்கும். உங்கள் கணினி எதிர்பார்ப்பதோ யூஇஎஃப்ஐ கிரப்பை. கட்டளை வெற்றி என்று சொன்னாலும் எதுவும் மாறியிருக்காது.

பல நேரம் கிரப்பே எச்சரிக்கும். ஜிபிடி (பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் புதிய முறை; பழையது எம்பிஆர்) டிஸ்க்கில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை, தொடர முடியாது என்று நிறுத்திவிடும். அந்த இடத்தில் 'ஃபோர்ஸ்' என்று சேர்த்துக் கட்டளையை மீண்டும் ஓட்டுவதுதான் அடுத்த தவறு. கிரப் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் நாம் தப்பான வழியில் நிற்கிறோம். நின்று, எந்த முறையில் திறந்திருக்கிறோம் என்று பாருங்கள். லைவ் லினக்ஸில் சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ முறை. இல்லையென்றால் பயாஸ் முறை. விண்டோஸ் திறக்கிறது என்றால், அதன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரியே கணினி எந்த முறையில் நிறுவப்பட்டது என்று சொல்லிவிடும். இரண்டும் பொருந்தினால் மட்டும் மேலே போங்கள். சும்மா முயன்று பார்ப்போம் என்று பயாஸ் அமைப்பில் லெகஸிக்கும் யூஇஎஃப்ஐக்கும் மாறிமாறித் தாவாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் குழப்பம் இரட்டிப்பாகும்.

டிஸ்க் பெயரில் வரும் ஆபத்து

லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். பயாஸ் முறையில் கிரப்பை எஸ்டிஏ என்ற முழு டிஸ்க்கில் நிறுவ வேண்டும், எஸ்டிஏ1 என்ற பார்ட்டிஷனில் அல்ல. யூஇஎஃப்ஐ முறையில் அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. இஎஃப்ஐ பார்ட்டிஷன் (முன்பு சொன்ன ஃபேட்32 பார்ட்டிஷன்) எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது எந்த ஃபோல்டரோடு இணைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். லைவ் யூஎஸ்பி செருகியிருக்கும்போது எஸ்டிஏ என்பது அந்த பென் டிரைவாகவே இருக்கக்கூடும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்து, கொள்ளளவைப் பார்த்து எது எது என்று உறுதிசெய்யாமல் எதையும் தட்ட வேண்டாம்.

பழைய கிரப்பைத் துடைக்க டிடி கட்டளையால் முதல் செக்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் பலரிடம் சுற்றுகிறது. எம்பிஆர் டிஸ்க்கில் முதல் செக்டர் 512 பைட். அதில் முதல் 446 பைட்தான் பூட் நிரலுக்கு உரியது. அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. 512 என்று கொடுத்தால் பார்ட்டிஷன் அட்டவணையும் சேர்ந்து போய்விடும். அதற்கு டிஸ்க்கில் நகல் எதுவும் கிடையாது. ஜிபிடி டிஸ்க்குகளில் கடைசியில் ஒரு நகல் இருக்கும், எம்பிஆரில் அதுவும் இல்லை. உண்மையில் துடைக்கவே தேவையில்லை. புதிய கிரப் பழையதன் மேல்தான் எழுதப்படும்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்வது

விண்டோஸ் தானாக உருவாக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பி அளவுதான் இருக்கும். பார்க்க ஒன்றுக்கும் உதவாதது போல் தோன்றும். ஆனால் அந்தக் கணினியில் இருக்கும் எல்லா இயங்குதளங்களின் பூட்லோடர்களும் வாழ்வது அங்கேதான்: மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒன்று, ஃபெடோராவுக்கு ஒன்று. 'சுத்தமாகத் தொடங்கலாம்' என்று அதை ஃபார்மட் செய்தால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும்.

அப்புறம், பலர் எதிர்பார்க்காத இன்னொரு விளைவும் உண்டு. ஃபார்மட் செய்தால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறும். திறக்கும்போது எந்தப் பார்ட்டிஷன்களை மவுன்ட் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் ஒவ்வொரு லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பிலும் பழைய எண்தான் எழுதியிருக்கும். கிரப்பைச் சரிசெய்த பிறகும், லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைத் தேடிக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். கிரப் இன்னும் சரியாகவில்லை என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டீர்களா? விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியிலிருந்து பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸின் பங்கைத் திரும்ப எழுதலாம். பிறகு ஒவ்வொரு லினக்ஸிலும் கிரப்பை நிறுவி, எஃப்எஸ்டேப்பில் எண்ணைத் திருத்துங்கள்.

இரண்டு டிஸ்க் இருக்கும் கணினிகளில் இன்னொரு சிக்கல். உபுண்டுவின் பழைய நிறுவி, நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே பூட்லோடரைப் போட்டுவிடும். விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றியதும் உபுண்டு திறக்காது.

சிஎச்ரூட்டில் விட்டுப்போகும் மவுன்ட்கள்

லைவ் யூஎஸ்பியிலிருந்து சிஎச்ரூட் செய்து, அதாவது டிஸ்க்கில் நிறுவியுள்ள லினக்ஸுக்குள் நுழைந்து சரிசெய்வது நல்ல வழிதான். ரூட் பார்ட்டிஷனை மட்டும் மவுன்ட் செய்துவிட்டு உள்ளே நுழைவதில்தான் பிரச்சினை. பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து, அதை மவுன்ட் செய்ய மறந்தால், கிரப் காலியான ஃபோல்டரில் தன் மெனுவை எழுதிவிட்டு, கெர்னல் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ரூட், பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன், பிறகு லைவ் லினக்ஸின் டெவ், ப்ராக், சிஸ், ரன் ஃபோல்டர்களை உள்ளேயும் தெரியவைக்கும் பைண்ட் மவுன்ட், கூடவே சிஸ்ஸுக்குள் இருக்கும் இஎஃப்ஐவார்ஸ். இந்த வரிசையில் ஒன்றுகூட விடக்கூடாது. பார்ட்டிஷனின் கோப்பு முறை பிடிஆர்எஃப்எஸ் என்றால், அதன் உட்பிரிவான சப்வால்யூமையும் குறிப்பிட வேண்டும்: உபுண்டுவில் அதன் பெயர் ஒரு அட் குறி, ஃபெடோராவில் 'ரூட்'. குறிப்பிடாவிட்டால் எதிர்பார்த்த ஃபோல்டர்கள் கண்ணில் படாது. அதைப் பார்த்து எல்லாம் அழிந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

பாதி வேலை

கிரப்-இன்ஸ்டால் என்பது கிரப் நிரலை உரிய இடத்தில் வைக்கிறது. கிரப்-எம்கேகான்ஃபிக், அதாவது உபுண்டுவில் அப்டேட்-கிரப், மெனுக் கோப்பை எழுதுகிறது. ஒன்றைச் செய்தால் மற்றதும் நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2022 ஆகஸ்ட்டில் ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துவோர் பலருக்குக் கணினி பூட் ஆகாமல் போனது இதனால்தான். புதிய பதிப்பின் மெனுக் கோப்பில் இருந்த ஒரு கட்டளை, டிஸ்க்கில் நிறுவியிருந்த பழைய கிரப்புக்குப் புரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

ஃபெடோராவில் கதை வேறு. அங்கே யூஇஎஃப்ஐ முறையில் கிரப்2-இன்ஸ்டால் ஓட்டக்கூடாது. கையொப்பமிட்ட பூட்லோடர்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டுக்கு ஒத்துவராது என்று அதுவே மறுக்கும். ஃபெடோராவின் பேக்கேஜ் நிறுவியான டிஎன்எஃப் மூலம் ஷிம் (செக்யூர் பூட்டில் கிரப்புக்கு முன் ஏறும் சிறு நிரல்), கிரப்2-இஎஃப்ஐ பேக்கேஜ்களை மறுபடி நிறுவுவதே சரியான வழி. ஃபெடோரா 34 முதல், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் கிரப் டாட் சிஎஃப்ஜி, உண்மையான மெனு எங்கே என்று காட்டும் சில வரிகள் மட்டும் கொண்டது. பழைய அறிவுரைப்படி அதன் மேல் முழு மெனுவையும் எழுதிவிடாதீர்கள்.

விண்டோஸ் மெனுவில் தெரியவில்லை என்று புலம்புபவர்களுக்கும் கிரப்-இன்ஸ்டால் மருந்தல்ல. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் டிஃபால்ட் கோப்பில் 'கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டு மெனுவை மட்டும் திரும்ப எழுதினால் சரி.

யார் பொறுப்பாளர் என்று தீர்மானிக்காமல் விடுவது

இரண்டு மூன்று லினக்ஸ் இருந்தால், ஒவ்வொன்றும் தன் கிரப்தான் முதலாளி என்று நினைக்கும். ஓஎஸ்-புரோபர் மற்ற லினக்ஸ்களின் கெர்னல்களை அந்த நேரத்தில் இருந்தபடி குறித்துக்கொள்கிறது. பிறகு ஃபெடோராவில் கெர்னல் அப்டேட் ஆகி, பழையது நீங்கினால், உபுண்டுவின் மெனு இல்லாத கெர்னலைத் தேடும். ஒரு லினக்ஸைப் பொறுப்பாளராக வைத்து, அதன் மெனுவில் மற்றவற்றின் கிரப் டாட் சிஎஃப்ஜி கோப்புகளைத் திறக்கும் வரிகளைக் கைப்பட எழுதிவிடுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மெனுவைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. இரண்டு உபுண்டுகளை ஒரே இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைப்பதையும் தவிருங்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் எழுதி ஒன்றையொன்று அழிக்கும்.

செக்யூர் பூட், பிட்லாக்கர்

2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பல இரட்டை பூட் கணினிகளில் 'எஸ்பிஏடி' சரிபார்ப்பு தோற்றுவிட்டது என்ற செய்தியோடு லினக்ஸ் நின்றது. பழைய ஷிம்மையும் கிரப்பையும் தடைசெய்யும் எஸ்பிஏடி பட்டியல் புதுப்பிக்கப்பட்டதே காரணம். பழைய லைவ் யூஎஸ்பிகளும் அதே காரணத்தால் மறுக்கப்பட்டன. இந்த நிலையில் கிரப்பை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைத் திறந்து, மோக்யூடில் கட்டளை மூலம் எஸ்பிஏடி கொள்கையை நீக்க உத்தரவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஒருமுறை லினக்ஸைத் திறந்த பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம்.

ஆனால் செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கியிருக்கும், உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு வழியே இல்லை. விண்டோஸ் திறக்கிறது என்றால் பிட்லாக்கரை முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். திறக்கவில்லை என்றால், ஃபோனிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் பயாஸ் அமைப்பைத் திறக்க வேண்டும்.